பிள்ளை தனியாகப் படிக்க ஒரு போர்க்கால நாவல்: தேர்ந்தெடுப்பது எப்படி?

வகுப்பில் எல்லோரும் சேர்ந்து படிக்கிற நாவலுக்கு வைக்கும் அளவுகோலையே, பிள்ளை தன் பாட்டுக்குப் படிக்கப்போகிற நாவலுக்கும் வைப்பதில்தான் பாதித் தேர்வுகள் கெட்டுப்போகின்றன. வகுப்பில் ஆசிரியர் நடுவில் நிறுத்தி விளக்குவார், பலகையில் வரைபடம் போடுவார், ஒரு பிள்ளையின் முகம் வாடினால் பேச்சை மாற்றுவார். தனியாகப் படிக்கும்போது இதெல்லாம் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு, ஒரு கதாபாத்திரம் சுடப்படுகிற பக்கத்தில், பிள்ளையோடு இருப்பது அந்தப் புத்தகம் மட்டும்தான். ஆகவே 'நல்ல நாவலா?' என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 'துணைக்கு ஆள் இல்லாமல் படித்துவிடக்கூடிய நாவலா?' என்று முதலில் பார்க்க வேண்டும்.

இங்கே சொல்வது ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, ஏறத்தாழ 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு. அந்த மூன்று வகுப்புக்குள்ளேயே இடைவெளி பெரிது. ஆறாவதில் உருகி உருகிப் படித்த புத்தகத்தை எட்டாவதில் 'சின்னப் பசங்க கதை' என்று ஒதுக்கிவிடுவார்கள்.

நீளக் கணக்கு

பக்க எண்ணிக்கையை நம்ப வேண்டாம். எழுத்தின் அளவும் வரி இடைவெளியும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, முழுதாக நிரம்பிய பத்து வரிகளில் உள்ள சொற்களை எண்ணிப் பத்தால் வகுங்கள். அதைப் பக்கத்தின் வரி எண்ணிக்கையாலும், பிறகு மொத்தப் பக்கங்களாலும் பெருக்குங்கள். அத்தியாய முடிவுகளில் வெறுமையாக விடப்படும் இடத்துக்காகப் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். கிடைப்பது தோராயமான மொத்தச் சொற்கள்.

அடுத்து, பிள்ளையை அதே மொழியில் ஐந்து நிமிடம் வாய்விடாமல் படிக்கச் சொல்லி, நிமிடத்துக்கு எத்தனை சொல் ஓடுகிறது என்று பாருங்கள். நிமிடத்துக்கு 150 சொல் என்று வைத்துக்கொள்வோம். டென்மார்க்கில் நடக்கும் 'நம்பர் தி ஸ்டார்ஸ்' (லோயிஸ் லௌரி, 1989) ஆங்கிலத்தில் சுமார் 27,000 சொற்கள். மூன்று மணி நேர வேலை. தினம் 25 நிமிடம் என்றால் ஒரு வாரத்தில் முடியும். 'தி புக் தீஃப்' (மார்கஸ் சூசாக், 2005) சுமார் 1,18,000 சொற்கள். அதே வேகத்தில் 13 மணி நேரம், அதாவது ஒரு மாதம். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருந்து வேகம் 100-க்கு இறங்கினால் அந்த ஒரு மாதம் ஒன்றரை மாதமாகிவிடும்.

மூன்று வாரத்தைத் தாண்டும் புத்தகத்தை, ஏற்கெனவே அவ்வளவு பெரிய ஒன்றை முடித்துக்காட்டாத பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். மற்ற நாவல்களை நாலு நாள் விட்டுவிட்டு எடுத்தாலும் கதை ஒட்டிக்கொள்ளும். போர்க்கால நாவலில் ஊர்ப்பெயர், பதவிப்பெயர், யார் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அந்த நாலு நாளில் கலங்கிப்போகும். திரும்ப எடுக்கும்போது புரியாது. புரியாததைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு புத்தகத்தையே மூடிவிடுவார்கள்.

ஆங்கிலச் சொற்கணக்கைத் தமிழ்ப் பதிப்புக்கு அப்படியே பொருத்தக் கூடாது. 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பது நமக்கு ஒரே சொல். தமிழில் எண்ணிக்கை குறைவாக வரும், ஆனால் படிக்கும் நேரம் குறையாது. எந்த மொழிப் பதிப்போ அந்த மொழியிலேயே பிள்ளையின் வேகத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

எளிய மொழி, கனத்த விஷயம்

லெக்சைல் போன்ற வாசிப்பு அளவீடுகளைப் பார்த்துப் புத்தகம் எடுப்பவர்கள் போர்க்கதைகளில் சறுக்குவார்கள். அந்த எண், வாக்கியம் எவ்வளவு நீளம், சொற்கள் எவ்வளவு புழக்கத்தில் உள்ளவை என்பதைத்தான் காட்டும். உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் காட்டாது. நாஜி (ஹிட்லர் கால ஜெர்மனி) வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிய எலி வீசலின் 'நைட்' ஆங்கிலப் பதிப்புக்கு லெக்சைல் எண் 600-க்குக் கீழே. நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் படிக்கிற 'நம்பர் தி ஸ்டார்ஸ்' 670. எண்ணை மட்டும் பார்த்தால் 'நைட்'தான் சின்னப் பிள்ளைக்கான புத்தகம்! அதன் வாக்கியங்கள் குட்டையானவை, அவ்வளவுதான். போதாக்குறைக்கு அது நாவலே இல்லை, நினைவுக்குறிப்பு. கடைகளிலும் நூலகங்களிலும் இரண்டும் ஒரே அலமாரியில் நிற்பதால், எடுத்தது எந்த வகை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். 'இது ஒருவர் தானே பட்டது' என்று தெரிந்து படிப்பதற்கும், 'இது எழுத்தாளர் கட்டியது' என்று தெரிந்து படிப்பதற்கும் பிள்ளை மனதில் விழும் கனம் வேறு.

ஐந்து விரல் சோதனை இங்கேயும் உதவும். சிறிய திருத்தம் தேவை. ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லி, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்வது வழக்கம். ஐந்து மடங்கினால் புத்தகம் கடினம். போர்க்கால நாவலில் மடங்கிய விரல்களை இரண்டாகப் பிரியுங்கள். பதுங்குகுழி, இருட்டடிப்பு, ரேஷன், கெஸ்டாபோ (நாஜி ரகசியப் போலீஸ்) மாதிரி கதையோடு சேர்ந்து வருகிற சொற்கள் ஒரு வகை. அடுத்த இரண்டு வரியிலேயே அதன் பொருள் விளங்கிவிடுமானால் அந்த விரலை நிமிர்த்திவிடலாம். சாதாரண வினைச்சொல்லும் பெயரடையுமே புரியாமல் மூன்று விரல் மடங்கினால் அந்தப் புத்தகம் இந்த வருடம் வேண்டாம்.

தமிழ் மொழிபெயர்ப்பு என்றால் மூன்று சொற்களைத் தேடிப் பாருங்கள்: குண்டு, முகாம், ஆக்கிரமிப்பு.

துப்பாக்கியிலிருந்து வருவதும் விமானத்திலிருந்து விழுவதும் பீரங்கியிலிருந்து பாய்வதும் நமக்கு 'குண்டு'தான். 'குண்டு வந்து சுவரில் பட்டது' என்று மொழிபெயர்ப்பாளர் எழுதிவிட்டால், சுவரில் ஓட்டை விழுந்ததா, வீடே இடிந்ததா என்று பிள்ளைக்குத் தெரியாது. கவனமுள்ள மொழிபெயர்ப்பில் தோட்டா, வெடிகுண்டு, எறிகணை என்று பிரித்திருப்பார்கள். 'முகாம்' இன்னும் மோசம். கண் சிகிச்சை முகாம், ராணுவ முகாம், அகதி முகாம், வதைமுகாம் எல்லாமே முகாம். 'அவர்களை முகாமுக்கு அனுப்பினார்கள்' என்ற வரியைப் படித்துவிட்டு, ஏதோ பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பியதாகப் பிள்ளை நினைத்தால் தப்பு பிள்ளை மேல் இல்லை. 'ஆக்கிரமிப்பு' என்றதும் நடைபாதைக் கடைகள்தான் ஞாபகத்துக்கு வரும். 'ஜெர்மனி டென்மார்க்கை ஆக்கிரமித்தது' என்பதில் ஒரு நாட்டுப் படை இன்னொரு நாட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு அதிகாரம் செலுத்துகிறது என்பது முதல் இரண்டு அத்தியாயத்துக்குள் காட்சியாக வந்திருக்க வேண்டும்: தெருமுனையில் அந்நியச் சிப்பாய், பள்ளிக்கூடம் போகிற வழியில் அதட்டல் என்பது போல. இந்த மூன்று சொற்களிலும் தெளிவாக இருக்கிற மொழிபெயர்ப்பு மற்ற இடங்களிலும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

நாற்பது நிமிடத்தில் ஒரு புத்தகத்தைச் சோதிப்பது

முழுதாகப் படித்துவிட்டுக் கொடுப்பதற்கு ஈடு இல்லை. ஆனால் ஆறு புத்தகத்தில் ஒன்றைப் பொறுக்க வேண்டியவருக்கு அது நடக்கிற காரியமில்லை. நான்கு இடங்களைப் படித்தால் போதும். வரிசையைப் புரட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசிப் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள், ஐந்து நிமிடம். ஆசிரியர் குறிப்பு இருக்கிறதா? எது நடந்தது, எது தன் கற்பனை என்று அதில் பிரித்துச் சொல்லியிருக்கிறாரா? வரைபடமோ காலவரிசையோ உண்டா? தனியாகப் படிக்கிற பிள்ளைக்கு அந்த நாலு பக்கம்தான் வாத்தியார். 'நம்பர் தி ஸ்டார்ஸ்' கதையில் ஒரு கைக்குட்டை வருகிறது. படகில் ஒளிந்திருக்கும் யூதர்களை மோப்ப நாய்கள் கண்டுபிடிக்காமல் அது காப்பாற்றும். படிக்கிற எந்தப் பிள்ளையும் இதைக் கட்டுக்கதை என்றுதான் நினைக்கும். பின்னுரையில் லௌரி அது நிஜம் என்கிறார்: காய்ந்த ரத்தமும் கோகெயினும் கலந்த பொடியைக் கைக்குட்டையில் தடவி, நாயின் மோப்பத்தை மழுங்கடித்திருக்கிறார்கள். அந்தப் பின்னுரை இல்லாத பதிப்பில் கதையின் பாதி பலம் போய்விடும். சுருக்கப் பதிப்புகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் முதலில் வெட்டுப்படுவது இந்தப் பக்கங்கள்தான் என்பதால், ஒரே நாவலின் இரண்டு பதிப்பு கையில் இருந்தால் குறிப்பு உள்ளதை எடுங்கள், அட்டை பழசாக இருந்தாலும் பரவாயில்லை.

பிறகு முதல் இரண்டு அத்தியாயம், பதினைந்து நிமிடம். இருபதாம் பக்கம் வருவதற்குள் எந்த வருடம், எந்த ஊர், யார் கையில் அதிகாரம் என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட வேண்டும். முதல் பத்துப் பக்கத்தில் வருகிற ஆட்களின் பெயர்களை எண்ணுங்கள். எட்டைத் தாண்டினால் பிள்ளை தடுமாறும். அதிலும் ஒரே ஆளை ஓரிடத்தில் குடும்பப்பெயராலும், இன்னோரிடத்தில் செல்லப்பெயராலும், வேறோரிடத்தில் 'மேஜர்' என்றும் அழைக்கிற நாவல்கள் உண்டு. மூன்று பேர் என்று எண்ணிக்கொண்டே பாதிக் கதையைத் தாண்டிவிடுவார்கள்.

மூன்றாவது, கதையிலேயே மோசமான இடம். பெரும்பாலும் புத்தகத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டியதும் வரும். அங்கே தொடங்கிப் புரட்டினால் சிக்கிவிடும். அந்த அத்தியாயத்தை முழுதாகப் படியுங்கள், அதற்கு அடுத்ததையும் சேர்த்து. கடைசியாக, இறுதி அத்தியாயம்.

சாவு வருகிறதா என்று பார்ப்பதைவிட, எப்படி வருகிறது என்று பாருங்கள்

போர்க்கதையில் யாரும் சாகக் கூடாது என்று தேடினால் பொய்க்கதைதான் மிஞ்சும். பார்க்க வேண்டியது: சாகிறவர் யார், கண்முன் நடக்கிறதா, பிறகு தெரியவருகிறதா, எத்தனை பக்கம் நீள்கிறது, அதற்கப்புறம் கதையில் யாராவது அழுவதற்கு இடம் இருக்கிறதா. கடைசிக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒருவர் இறந்ததும் அடுத்த அத்தியாயத்தில் எல்லோரும் ஓட்டத்தைத் தொடர்ந்தால், படிக்கிற பிள்ளைக்குத் துக்கத்தை இறக்கிவைக்க இடமே கிடைப்பதில்லை.

'நம்பர் தி ஸ்டார்ஸ்' கதையில் நாயகியின் அக்கா முன்பே இறந்துவிட்டாள். விபத்து என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். நாஜிகள் வேண்டுமென்றே அவள் மேல் காரை ஏற்றியது கடைசி அத்தியாயத்தில்தான் தெரியவருகிறது. அவளுக்கு நிச்சயமாகியிருந்த பீட்டர் பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியும் அங்கேதான், சில வரிகளில். இரண்டுமே கொடூரம். ஆனால் காட்டப்படாமல் சொல்லப்படுவதால் பதினோரு வயதுப் பிள்ளை தாங்கிக்கொள்ளும்.

இதற்கு நேரெதிராக 'குட்நைட் மிஸ்டர் டாம்' (மிஷெல் மகோரியன், 1981). அட்டையைப் பார்த்தால், லண்டனிலிருந்து கிராமத்துக்கு அனுப்பப்பட்ட சிறுவனும் முரட்டுக் கிழவரும் பாசமாகிற இதமான கதை. அது உண்மையும்தான். ஆனால் அதிலேயே கொடிய காட்சி குண்டுவீச்சு இல்லை. பெற்ற தாய் அந்தச் சிறுவனைக் கட்டிவைத்துப் பூட்டிவிட, அவன் செத்துப்போன பச்சைக்குழந்தையை அணைத்தபடி கிடக்கிறான். பின்னால் அவனுடைய உயிர்த்தோழனும் லண்டனில் குண்டுவீச்சில் இறக்கிறான். சிறந்த நாவல், எட்டாம் வகுப்பில் தாராளமாகக் கொடுக்கலாம். வீட்டில் அடி உதை பார்த்து வளர்கிற பிள்ளை என்று சந்தேகம் இருந்தால் மட்டும் தனியாகப் படிக்கக் கொடுக்காதீர்கள். போர்க்களம் பக்கமே போகாத இத்தகைய காட்சிகளைப் பின்னட்டைச் சுருக்கம் ஒருநாளும் சொல்லாது.

தனி வாசிப்பிலிருந்து அறவே விலக்க வேண்டியவை என்றால், பாலியல் வன்முறையைக் காட்சியாக விவரிப்பவை, தற்கொலையைத் தீர்வு போலக் காட்டுபவை, சித்திரவதையைப் பக்கம் பக்கமாக ரசித்து எழுதியவை. விருது வாங்கியிருந்தாலும் சரி. மிருகங்கள் சாகிற கதைக்குத் தனி எச்சரிக்கை: சிப்பாய்கள் கூட்டமாக விழும்போது அசையாத பிள்ளைகள் ஒரு குதிரை விழுந்ததும் உடைந்துபோவார்கள். கொடுக்கக் கூடாது என்று இல்லை. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

போரையோ இடப்பெயர்வையோ நேரில் பட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த அளவுகோல் எதுவும் பொருந்தாது. சிலருக்கு அதே மாதிரிக் கதை ஆறுதல், சிலருக்கு ரணத்தைக் கீறுவது. அங்கே தேர்வை நாம் செய்வதைவிட, வேறு வகைப் புத்தகங்களையும் கலந்து முன்னால் வைத்துவிட்டு அவர்களே எடுக்கட்டும் என்று விடுவது சரி.

கதை பொய் சொல்லலாம், வரலாறு பொய் சொல்லக் கூடாது

இல்லாத ஒரு சிறுமியை எழுத்தாளர் படைக்கலாம். ஆனால் அவளைச் சுற்றி நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும். இதைச் சோதிக்க வரலாற்றுப் பட்டம் வேண்டாம். கதை நடக்கும் இடத்தைப் பற்றி இரண்டு தேதி, ஒரு எண் தெரிந்தால் போதும். லண்டன் குழந்தைகளைக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கியது 1939 செப்டம்பர் 1. பிரிட்டன் போர் அறிவித்தது செப்டம்பர் 3. லண்டன் மேல் இரவுதோறும் தொடர் குண்டுவீச்சு தொடங்கியதோ 1940 செப்டம்பர் 7-இல். நடுவில் ஒரு வருடம் இருக்கிறது, குண்டு விழவில்லை என்று பல பெற்றோர் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போன வருடம். நாவலில் 1939 செப்டம்பரிலேயே லண்டன் பற்றி எரிந்தால் அதை எழுதியவர் மெனக்கெடவில்லை. டென்மார்க் கதை என்றால், 1943 அக்டோபரில் சுமார் 7,200 யூதர்கள் படகேறி ஸ்வீடனுக்குத் தப்பினார்கள். சில நூறு பேர் பிடிபட்டார்கள். 'ஒருவர் விடாமல் எல்லோரும் தப்பினார்கள்' என்று எழுதியிருந்தாலோ, யூதர்களை அடையாளம் காட்ட நாஜிகள் அணியவைத்த மஞ்சள் நட்சத்திரத்தை டென்மார்க் அரசர் தானே அணிந்து வலம்வந்தார் என்ற பிரபலமான கதையை நிஜம் போலச் சொல்லியிருந்தாலோ கவனம். டென்மார்க்கில் யூதர்களுக்கே அந்த நட்சத்திரம் கட்டாயமாக்கப்படவில்லை.

சின்ன மாற்றங்களைச் சொல்லிக் கொடுத்தே கடக்கலாம். ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்தபோது இரண்டு வயதாக இருந்து, 1955-இல் ரத்தப் புற்றுநோயால் இறந்த சடாகோ சசாகியைப் பற்றி எலினோர் கோயர் 1977-இல் எழுதிய நூலில், அவள் 644 காகிதக் கொக்குகள் மடித்ததும் இறந்துவிடுகிறாள். மீதி 356-ஐ வகுப்புத் தோழர்கள் மடிக்கிறார்கள். உண்மையில் அவள் ஆயிரத்தைத் தாண்டி மடித்தாள். ஆயிரம் கொக்கு மடித்தால் வேண்டியது நடக்கும் என்பது நம்பிக்கை. ஆயிரம் மடித்தும் நடக்கவில்லை என்பதைவிட, முடிக்க முடியவில்லை என்பது கதைக்கு வசதி. படித்து முடித்த பிள்ளையிடம் இந்த வித்தியாசத்தைச் சொன்னால், எழுத்தாளர் ஏன் மாற்றினார் என்று அதுவே யோசிக்கத் தொடங்கும்.

சில மாற்றங்கள் அப்படிக் கடக்கக்கூடியவை அல்ல. 'தி பாய் இன் தி ஸ்ட்ரைப்ட் பைஜாமாஸ்' (ஜான் பாய்ன், 2006) இந்த வயதுப் பிள்ளைகளிடம் அதிகம் புழங்குகிற நூல். சிறியது, நடை எளிது, முடிவு உலுக்கும். ஆனால் வதைமுகாம் தளபதியின் ஒன்பது வயது மகனுக்கு யூதர் என்றால் யார் என்றே தெரியாது. முகாம் வேலியோரம் ஒரு யூதச் சிறுவன் நாள்தோறும் யார் கண்ணிலும் படாமல் வந்து உட்கார்கிறான். கதை நடக்கிற அவுஷ்விட்ஸ், நாஜிகளின் நிஜமான வதைமுகாம். அங்கே வேலியில் மின்சாரம், கோபுரத்தில் காவல். வந்து இறங்கிய குழந்தைகளில் பெரும்பாலோரை அன்றைக்கே நச்சுவாயு அறைக்கு அனுப்பினார்கள். முடிவில் வாசகர் கண்ணீர் விடுவது பெரும்பாலும் தளபதி மகனுக்காக. ஹோலோகாஸ்ட் (நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்த கொடுமை) வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் இந்நூலைத் தவிர்ப்பது நல்லது என்று அவுஷ்விட்ஸ் நினைவு அருங்காட்சியகமே 2020 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னது. பக்கத்தில் இருந்து பேச ஆள் இருந்தால் படிக்கலாம். தனி வாசிப்புக்கு, அதிலும் இந்த விஷயத்தில் பிள்ளை படிக்கிற முதல் நூலாக, கூடவே கூடாது.

கற்பனை நாட்குறிப்பு வடிவ நாவல்களிலும் ஒரு கண் இருக்கட்டும். தேதி போட்டு, 'நான்' என்று எழுதி, எழுத்தாளர் பெயரைக்கூட முன்னட்டையில் போடாமல் வந்த தொடர்கள் உண்டு. பிள்ளை அதையும், நாஜிகளுக்கு ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நிஜ நாட்குறிப்பையும் ஒரே தட்டில் வைத்துவிடும். எழுதியவர் யார், எப்போது என்று பதிப்புப் பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டே கொடுங்கள்.

எழுதப்பட்ட ஆண்டு ஏன் முக்கியம்

ஒரு போரைப் பற்றிய நாவல், எழுதப்பட்ட காலத்தின் போரையும் உள்ளே வைத்திருக்கும். அமெரிக்கப் புரட்சிப் போரைப் பற்றி இரண்டு புகழ்பெற்ற இளையோர் நாவல்கள். எஸ்தர் ஃபோர்ப்ஸின் 'ஜானி டிரெமெய்ன்' இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-இல் வந்தது; விடுதலைக்காகப் போராடுவது பெருமை என்ற தொனி அதில் ஓடும். வியட்நாம் போரின் கசப்பு ஆறாத 1974-இல் கோலியர் சகோதரர்கள் எழுதியது 'மை பிரதர் சாம் இஸ் டெட்'. அதில் விடுதலைப் படையில் சேர்ந்த அண்ணனை, தன் வீட்டு மாட்டையே திருடியதாகப் பொய்க்குற்றம் சாட்டி, அந்தப் படையே சுட்டுக் கொல்கிறது. போர் ஒன்றுதான், புத்தகங்கள் இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். ஏழாம் எட்டாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு இப்படி ஒரு ஜோடியைக் கொடுப்பதுபோல் லாபம் வேறில்லை. ஒன்றைத்தான் கொடுக்க முடியும் என்றால், எதிரிப் பக்கத்தில் ஒரு மனிதனையாவது மனிதனாகக் காட்டுகிற நாவலாகப் பார்த்து எடுங்கள்.

எப்போதும் இரண்டாம் உலகப் போர், அதிலும் ஐரோப்பா என்றே சுற்றிக்கொண்டிருப்பதும் ஒரு பழக்கதோஷம். நம்மிடையே 'சரித்திர நாவல்' என்றதும் குதிரையும் வாளும் கிரீடமும்தான் என்பது இன்னொன்று. வியட்நாம், சூடான், ஆப்கானிஸ்தான், சிரியா என்று இந்த வயதுக்கு எழுதப்பட்டவை நிறைய இருக்கின்றன.

வடிவமும் நாயகனின் வயதும்

பிள்ளைகள் தம்மைவிட ஒன்றிரண்டு வயது மூத்த நாயகனை ஏற்பார்கள். இளையவனை ஏற்பது கஷ்டம். பத்து வயது நாயகி என்றதும் பதின்மூன்று வயதுப் பிள்ளை உதட்டைப் பிதுக்கும். ஆறாம் வகுப்பில் கொடுத்திருக்க வேண்டியதை எட்டில் நீட்டாதீர்கள்.

படிக்கத் தயங்குகிற பிள்ளைக்குக் கவிதை வடிவ நாவல் நல்ல வாசல். 1975-இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்தபோது தப்பி அமெரிக்கா போகிற சிறுமியைப் பற்றித் தன்ஹா லாய் எழுதிய 'இன்சைட் அவுட் அண்ட் பேக் அகெய்ன்' (2011) அப்படிப்பட்டது. பக்கத்தில் பாதி வெள்ளை; வேகமாகப் புரளும்; முடித்தோம் என்ற தெம்பு கிடைக்கும். ஆலன் கிராட்ஸின் 'ரெஃப்யூஜி' (2017) வேறு மாதிரி. 1939 ஜெர்மனி யூதச் சிறுவன், 1994 கியூபாச் சிறுமி, 2015 சிரியாச் சிறுவன் என்று மூன்று கதை மாறி மாறி வரும். ஒவ்வொரு அத்தியாயமும் தொங்கலில் முடிவதால் கீழே வைக்க விடாது, ஆனால் முதல் ஐம்பது பக்கம் குழப்பும். மூன்று கட்டமாகப் பிரித்த அட்டையைப் பக்கக்குறியாகக் கொடுத்து, ஒவ்வொரு கதையிலும் கடைசியாக என்ன ஆனது என்று ஒரு வரி எழுதிக்கொள்ளச் சொன்னால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கையில் கொடுக்கும்போது

ஒன்றை நீட்டாமல் மூன்றை வையுங்கள்: சிறியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, சவாலானது ஒன்று. எடுத்ததற்கு ஒரு பக்கக்குறி அட்டை செய்து உள்ளே செருகுங்கள். அதில் ஐந்து வரி போதும்: வருடம், ஊர், யாருக்கும் யாருக்கும் சண்டை, நாயகன் பெயரும் வயதும், உதவி தேவைப்படும் மூன்று சொற்களின் பொருள். பின்பக்கத்தில் கையால் போட்ட சிறு வரைபடம், இரண்டு ஊரும் ஓர் அம்புக்குறியும் இருந்தால் கூடப் போதுமானது.

கஷ்டமான இடம் வரப்போவதை முன்னால் சொல்லலாமா? சொல்லலாம், ஆனால் யார் என்று சொல்ல வேண்டாம். 'பாதிக்கு மேல ஒரு இடம் கஷ்டமா இருக்கும். அங்க நிறுத்திட்டு என்கிட்ட வந்து பேசணும்னு தோணுச்சுன்னா வா, தோணலைன்னா மேல படி' என்ற அளவில் நிற்கட்டும். 'தி புக் தீஃப்' நாவலில் கதை சொல்கிற மரணமே யார் சாகப்போகிறார் என்பதை முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. சுவாரசியம் குறையவா செய்தது?

நாற்பது பக்கம் வரை படித்துப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பதைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். முடித்து வந்ததும் தேர்வு வைக்கக் கூடாது. 'இதுல எது நிஜமாவே நடந்திருக்கும்னு நினைக்கிற?' என்ற ஒரே கேள்வி போதும். அதற்குப் பதில் தேடிப் பிள்ளை தானாகவே பின்னுரைக்குப் போகும்.

பாதியில் திரும்பி வந்த புத்தகத்தை வாங்கி வைப்பதற்கு முன், எந்தப் பக்கத்தில் நின்றது என்று மட்டும் பாருங்கள். இருபது முப்பது பக்கத்துக்குள் என்றால் பெயர்களோ மொழியோ தடுத்திருக்கிறது. அதே போரைப் பற்றி இன்னும் எளிய நூல் சரிவரும். ஒரு மரணத்துக்கு அடுத்த அத்தியாயத்தில் என்றால் கதை கனத்துவிட்டது. அடுத்ததாக வேறு எதையாவது, போர் இல்லாத ஒன்றைக் கொடுத்துவிட்டு, சில வாரம் கழித்து அந்தக் காட்சியைப் பற்றிப் பேச்சை எடுத்துப் பாருங்கள். முக்கால்வாசி தாண்டி நின்றிருந்தால் பெரும்பாலும் நீளம்தான் காரணம். நின்ற பக்க எண்ணைப் பென்சிலால் பக்கக்குறி அட்டையில் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை இந்தப் புத்தகத்தைவிட 10,000 சொல் குறைவான ஒன்றைத் தேடுங்கள்.